பதினோராவது ஜன்னல்

கண் தெரியாதவனுக்கு ஜன்னல் எதற்கு என்று கேட்டுவிடாதீர்கள். எனக்கு இதுவரை மூன்று ஜன்னல் ஆகி, இப்போது நடப்பது நாலாவது. எக்ஸ்பி, ஏழு, பத்து என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, பதினொன்றில் வந்து நிற்கிறேன். விண்டோஸைச் சொல்கிறேன் சார்! வீட்டு ஜன்னலை எங்கள் ஊரில் யாரும் திறந்து வைப்பதில்லை. வைத்தால் குரங்கு வந்து வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, தோலை மட்டும் நம்மிடமே திருப்பித் தந்துவிடும்.

எங்கள் ஊர் பர்லியார். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போனவர்களில் பாதிப் பேர் எங்கள் ஊரில் டீ குடித்திருக்கிறீர்கள். பேரைத்தான் கேட்டிருக்க மாட்டீர்கள். கல்லாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்து, உங்கள் பையன் முகம் வெளிறி, “அப்பா, ஒரு மாதிரி இருக்கு” என்று சொல்லும்போது டீக்கடையும் பழக்கடையுமாக ஒரு ஊர் வருமே, அதுதான். 1871-ல் ஆரம்பித்த அரசு தோட்டக்கலைப் பண்ணை இருக்கிறது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் அங்கே விளைகிறது. வாசனைக்கு வாசனை, வியாபாரத்துக்கு வியாபாரம்.

அடியேன் கோவையில் பி.காம். படித்தவன். ஊரில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். மிச்ச நேரத்தில் உங்களுக்கு இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். இரண்டுமே கம்ப்யூட்டரில்தான். அது எனக்குப் படித்துக் காட்டும், நான் விசைகளைத் தட்டுவேன். மௌஸ் என்றால் என்னைப் பொறுத்தவரை ராத்திரியில் பரணில் ஓடுவது மட்டுமே.

இப்படிப் படித்துக் காட்டும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பேர். ஸ்கிரீன் ரீடர். பேரைக் கேட்டால் ஏதோ திரையைக் கண்ணால் பார்த்துப் படிக்கிறது போலிருக்கும். இல்லை. அதற்கும் கண் கிடையாது, என்னைப் போலத்தான். திரையிலிருக்கும் ஒவ்வொரு பொத்தானும், கட்டமும், பட்டியலும் தன்னைப் பற்றி உள்ளுக்குள் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கும். ‘என் பெயர் சேமி. நான் ஒரு பொத்தான். இப்போது என்னை அமுக்கலாம்.’ இந்தச் சீட்டைத்தான் அது வாசிக்கிறது. சீட்டு எழுதி வைக்காத பொத்தான் வந்தால், ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். என்ன பொத்தான், அமுக்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவரவர் ஜாதகம்.

ஒரு தடவை கடைக்காரர் ஒருவர் பழைய குமாஸ்தா தட்டி வைத்த கடிதங்களைக் கொடுத்தார். பாமினி எழுத்துரு. பார்க்கிறவர்களுக்கு அழகான தமிழ். நான் எழுத்தெழுத்தாகக் கேட்டால் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்றது பெட்டி. அது என்ன தெரியுமா? ‘தமிழ்’! அந்தக் கால எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். கண்ணுக்கு மேலே இருக்கும் உருவம். காதுக்கு அடியில் கிடக்கும் ஆங்கிலம். 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. யூனிகோடில் ‘த’ என்றால் அடியிலும் ‘த’தான். என் பெட்டிக்குத் தமிழ் தெரிய ஆரம்பித்தது அப்படித்தான்.

* * *

நான் காலேஜில் கற்றுக்கொண்டது எக்ஸ்பி. லேபில் ஜாஸ் என்ற திரைவாசிப்பான் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர் டெட் ஹெண்டர் என்ற அமெரிக்கர். மோட்டார் சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர். 1978-ல் கார் விபத்தில் பார்வை போனது. பிறகு கம்ப்யூட்டர் படித்தார். அவருடைய கம்பெனி 1989-ல் ஜாஸைக் கொண்டுவந்தது. நம் சென்னைப் பெண் பெனோ செபைன் இந்த ஜாஸ் துணையோடு படித்துத்தான் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுவதும் பார்வையில்லாமல் அந்தப் பணிக்குப் போன முதல் ஆள் அவர்.

எனக்கும் ஜாஸுக்கும் நடுவில் ஒரே ஒரு தடங்கல்தான். விலை. காசு கொடுக்காமல் மாதிரிக்கு ஓட்டினால் 40 நிமிஷம் பேசும். அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் மறுபடி வாய் திறக்கும். வீட்டில் நான் அப்படித்தான் ஓட்டினேன். ஐந்தொகை சமன் ஆவதற்குள் 39-ஆவது நிமிஷம் வந்துவிடும். பரீட்சையில் எனக்குக் கை வேகம் வந்தது இப்படித்தான். வறுமைக்கும் சில நல்ல குணங்கள் உண்டு.

பிறகு என்.வி.டி.ஏ. வந்தது. 2006-ல் மைக்கேல் கரன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் எழுத ஆரம்பித்தார். ஜேம்ஸ் டே என்ற நண்பர் சேர்ந்துகொண்டார். இரண்டு பேருக்கும் பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் ஒரு விலை, அதைப் பேச வைக்க இன்னொரு பெரிய விலை என்பது அநியாயம் என்று நினைத்து, ஊருக்கெல்லாம் இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். தமிழும் பேசும். ஈஸ்பீக் என்ற குரல்தான் கூடவே வருகிறது. நான் அதைப் படுவேகத்தில் ஓட விடுவேன். என் மனைவி முதல் தடவை கேட்டுவிட்டு, “என்னங்க, கிரைண்டருக்குள்ள யாரோ நியூஸ் படிக்கிற மாதிரி இருக்கு?” என்றாள். பழகிவிட்டால் அந்தக் கிரைண்டரில் பாகவதமே கேட்கலாம்.

* * *

இப்போது என் கஷ்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் பஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் என் இடுப்புக்குத் தெரியும். இந்த வளைவில் உடம்பு இடது பக்கம் சாயும், அடுத்ததில் வலது பக்கம், அப்புறம் காது அடைக்கும், அப்புறம் தண்ணீர் விழும் சத்தம், அப்புறம் டீத்தூள் வாசனை. கண்டக்டர் ‘பர்லியார்’ என்று சொல்வதற்குள் நான் படிக்கட்டில் நிற்பேன். “எப்படித் தம்பி?” என்று ஆச்சரியப்படுவார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. வரிசை தெரியும், அவ்வளவுதான்.

ஒரு ஐப்பசியில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்து, பஸ்ஸைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிட்டார்கள். கோத்தகிரி போய், குன்னூர் போய், மேலேயிருந்து இறங்கி பர்லியார். அதே பஸ், அதே ஸீட், அதே நான். ஆனால் மூன்று மணி நேரம் பக்கத்து ஆளை “இது எந்த இடங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தேன். ஐந்தாவது தடவை அவர் தூங்குவதுபோல் பாசாங்கு செய்தார். நான் அன்றைக்கு அசடாகிவிடவில்லை. வரிசை மாறிவிட்டது.

கம்ப்யூட்டரும் எனக்கு ஒரு மலைப்பாதைதான். நீங்கள் திரையை ஒரே பார்வையில் பார்த்து, வேண்டியதைப் போய்த் தொடுகிறீர்கள். எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். மூன்று தடவை டேப், ரெண்டு தடவை கீழ் அம்பு, என்டர். இது மூளையில் இல்லை, விரலில் இருக்கிறது. எக்ஸ்பி காலத்தில் பெட்டியை அணைக்க விண்டோஸ் விசை, அப்புறம் யூ, மறுபடி யூ. ‘யூ, யூ’ என்றால் தூங்கிவிடும். ஏழில் அது போயிற்று. ஸ்டார்ட்டைத் திறந்து வலது அம்பு, என்டர் என்று ஆனது. விரலுக்கு மறுபடி பள்ளிக்கூடம்.

2012-ல் வந்த எட்டில் ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, நான் எட்டை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்து வந்தபோது இலவசமாக ஏறிக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்களுக்கு அது 2016 ஜூலையோடு முடிந்தது. திரைவாசிப்பான் மாதிரி உதவிக் கருவி வைத்திருப்பவர்களுக்கு 2017 டிசம்பர் வரை நீட்டினார்கள். கடைசி மாதத்தில் ஏறினேன். ஓசி என்றாலும் கடைசி பஸ்ஸுக்குத்தான் ஓடுவது நம் பழக்கம்.

ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு முடிவு தேதி உண்டு. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. ஏழுக்கு 2020 ஜனவரி 14. அன்றைக்குப் போகி, பொருத்தம்தான்! பத்துக்கு 2025 அக்டோபர் 14. அதற்கப்புறம் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. 2026 அக்டோபர் வரை ஒரு வருஷ நீட்டிப்புக்கு வழி உண்டு என்றார்கள். ஆனால் என் பழைய பெட்டியில் ‘எல்’ என்ற எழுத்து மூன்று தட்டினால் ஒன்றுதான் விழும். தவிரவும் பதினொன்றுக்கு டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்புச் சில்லு வேண்டுமாம். என் பெட்டியில் அது இல்லை. தீபாவளி போகட்டும் என்று தள்ளி, நவம்பர் இரண்டாம் வாரம் கோவைக்குப் போய்ப் புதிது வாங்கி வந்தேன். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவன் மாதிரி 14 வளைவில் எங்கள் பங்கைக் கடந்தேன்.

* * *

முதல் நாள் வெற்றி எனக்குத்தான். பெட்டியைத் திறந்து விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அமுக்கினால், விண்டோஸுக்குள்ளேயே இருக்கிற நரேட்டர் பேச ஆரம்பிக்கும். அதன் துணையோடு மொழி, பேர், பாஸ்வேர்டு எல்லாம் யார் கண்ணையும் கடன் வாங்காமல் நானே போட்டேன். பிறகு என்.வி.டி.ஏ.வை இறக்கினேன். பர்லியாரில் சிக்னல் என்பது யானை மாதிரி. வரும் என்று காத்திருந்தால் வராது. வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைக் கவனிக்க வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு வந்தது.

நரேட்டரை நிறுத்த மறந்துவிட்டேன். ஒரே பந்தலில் இரண்டு நாதஸ்வர கோஷ்டி! நரேட்டர் ஒரு ராகம், என்.வி.டி.ஏ. இன்னொரு ராகம். நான் எதைத் தட்டினாலும் இரண்டு பேரும் சேர்ந்து விமரிசித்தார்கள். கால் மணி நேரம் போராடிய பிறகுதான், போட்ட விசையையே மறுபடி அமுக்கினால் நரேட்டர் அடங்கும் என்பது ஞாபகம் வந்தது.

மறுநாள் எதிர்வீட்டு பிளஸ் டூ பையன் உதவிக்கு வந்தான். தங்கமான பையன்.

“அண்ணா, அந்த ஓரத்துல நீலமா ஒண்ணு இருக்குல்ல, அதைத் தொடுங்க.”

“எந்த ஓரம்டா?”

“அதாண்ணா, அந்தப் பச்சைக்குப் பக்கத்துல.”

அவனுக்குக் கண்ணால் தெரிந்த வழியை என் விரலுக்குச் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. எனக்கும் நீலத்தைப் பிடித்துக்கொண்டு பச்சைக்குப் போகும் வித்தை தெரியாது. இருவரும் டீ குடித்தோம்.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஸ்டார்ட் பொத்தான் மூலையிலிருந்து நடுவுக்கு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் புலம்பினார்கள். எனக்கு அதில் பத்துப் பைசா நஷ்டமில்லை. மூலையும் எனக்கு ஒன்றுதான், நடுவும் ஒன்றுதான். விண்டோஸ் விசையைத் தட்டினால் எங்கேயிருந்தாலும் திறக்கிறது. ஆனால் யாருமே கவனிக்காத ஒரு மாற்றம் என்னை ஒரு வாரம் முட்டி போட வைத்தது. ஒரு கோப்பின்மேல் நின்று வலது க்ளிக் பட்டியலைத் திறந்து ‘எம்’ தட்டினால் பேர் மாற்றலாம். இது பழைய வழி. பதினொன்றில் அந்தப் பட்டியலையே புதிதாக வரைந்திருக்கிறார்கள். வெட்டு, நகல், பேர் மாற்று எல்லாம் மேலே படங்களாக வரிசையில் ஏறிவிட்டன. பழைய பட்டியல் ‘மேலும் காட்டு’ என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நறுக்கென்று இருக்கிறதாம். என் விரல் மட்டும் இடிந்துபோன வீட்டின் படியைத் தேடி அந்தரத்தில் கால் வைத்தது.

* * *

இந்த சமயம் பார்த்து ஜாதிக்காய்க் கடை அண்ணன் வந்தார். என் மூன்று கணக்குகளில் பெரியது அவருடையது. மொத்த வியாபாரமும் உண்டு. மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்கை 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு வட்டி வேறே. அன்றைக்குத் தேதி 15. விற்பனைப் பட்டியலைத் திறக்க நான் முட்டி மோதிக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.

“தம்பி, புதுப் பொட்டி கஷ்டமா இருக்குதுங்களா?”

“பழகிட்டு இருக்கேனுங்ணா.”

“கஷ்டமா இருந்தா சொல்லிப்போடுங்க. மேட்டுப்பாளையத்துல ஒரு ஆடிட்டர் ஆபீசு இருக்குது. மாசாமாசம் செஞ்சு குடுத்துருவாங்க. பாவம், உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?”

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். பத்து வருஷமாக நான் போட்ட கணக்கில் ஒரு ரூபாய் தப்பு வந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் ‘பாவம்’ என்ற வார்த்தை வந்துவிட்டது. பத்து வருஷம் அது எங்கள் வாசல் பக்கம் வரவில்லை. ஒரு பட்டியலின் இடம் மாறியதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

“20-க்குள்ள போட்டுடறேனுங்ணா” என்றேன். குரல் கொஞ்சம் கம்மிவிட்டது. அவருக்குக் கேட்டிருக்காது. மழை.

அன்று ராத்திரி மதுரை நண்பருக்குப் போன் போட்டேன். என்னுடன் படித்தவர், வங்கியில் வேலை, என்னைப் போலப் பார்வையில்லாதவர். அவர் ஆபீசில் எனக்கு முன்பே பதினொன்றுக்கு மாறியிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டோம். அவர் பெட்டி அங்கே பேச, என் பெட்டி இங்கே பேச, நடுவில் நாங்கள் பேச, என் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

“முதல்ல இன்சர்ட்டையும் ஒண்ணையும் சேர்த்து அமுக்குப்பா” என்றார். அது ‘உள்ளீட்டு உதவி’. அதைப் போட்டுவிட்டால், எந்த விசையைத் தட்டினாலும் அது என்ன செய்யும் என்று சொல்லும். ஆனால் செய்யாது! தைரியமாக எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கலாம். பின்விளைவு கிடையாது. நிஜ வாழ்க்கையில் இப்படி ஒரு விசை இருந்திருந்தால் நம்மில் பலர் பல காரியங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டிருப்போம்.

பிறகு காமர்ஸ் புத்தி வேலை செய்தது. பிரெய்லி சிலேட்டையும் எழுத்தாணியையும் எடுத்தேன். பேரேடு போலவே இரண்டு பக்கம். பற்றுப் பக்கத்தில் போன வழிகள், வரவுப் பக்கத்தில் வந்த வழிகள். அறிவிப்புகளைப் படிக்க விண்டோஸ் ஏ. அது போய் இனி விண்டோஸ் என். பழைய பட்டியலுக்கு நேர்வழி, ஷிப்ட் எஃப் 10. ஆரம்ப இருப்பாக மாறாதவற்றை எழுதினேன். பேர் மாற்ற எஃப் 2. மூடுவதற்கு ஆல்ட் எஃப் 4. நகலுக்கு கண்ட்ரோல் சி. ‘எம்’ போனால் என்ன, எஃப் 2 கிழவர் எக்ஸ்பி காலத்திலிருந்தே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். நான்தான் வணக்கம் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தேன். நாலு ராத்திரியில் பேரேடு மூன்று தாள் வந்தது. கூட்டிப் பார்த்தால் நஷ்டம் நான் பயந்த அளவு இல்லை.

* * *

20-ஆம் தேதி. விற்பனை, கொள்முதல், உள்ளீட்டு வரி எல்லாம் தயார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜி.எஸ்.டி. தளத்தில் உட்கார்ந்தேன். மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு தகரக் கூரை. நவம்பர் மழையில் எனக்குக் கண்ணோடு காதும் போய்விடும். என்.வி.டி.ஏ. கத்துகிறது, கூரை அதைவிடக் கத்துகிறது.

ஆறரைக்கு நெட் போய்விட்டது. காத்திருந்தேன். ஏழு. டவரைத் திட்டினேன். ஏழரை. குரங்கு வயரைக் கடித்திருக்கும் என்று குரங்கைத் திட்டினேன். எதிர்வீட்டுப் பையனைக் கேட்டால், “எங்க வீட்டுல நல்லா வருதேண்ணா” என்கிறான். எட்டேகால் மணிக்கு மழை கொஞ்சம் ஓய்ந்தது. பெட்டி சொல்வது காதில் விழுந்தது: ‘வைஃபை, அணைக்கப்பட்டுள்ளது.’

அணைத்தது யார்? சாட்சாத் நான்தான். ஏதோ அறிவிப்பு வந்த சத்தம் கேட்டு, பழைய பழக்கத்தில் விண்டோஸ் ஏ தட்டி, ஸ்பேஸும் தட்டியிருக்கிறேன். பதினொன்றில் அங்கே இருப்பது விரைவு அமைப்புகள். முதலில் நிற்பதே வைஃபை. பேரேட்டில் முதல் வரியாக எழுதி வைத்தவன், முதல் வரியிலேயே சறுக்கினேன். குரங்கிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஒன்பதரைக்கு எல்லாம் பூர்த்தி. கடைசியில் ஓ.டி.பி. வேண்டும். அது கடைக்காரர் போனுக்குத்தான் போகும். யானை நடமாட்டம் இருக்கிற நேரம். ஆனாலும் அண்ணன் குடையும் டார்ச்சுமாக வந்துவிட்டார். போனை எடுத்தார். நீண்ட மௌனம்.

“தம்பி... கண்ணாடிய கடையிலயே வச்சுட்டு வந்துட்டனுங்க. எழுத்து எறும்பாட்டம் தெரியுது. அம்மிணியைக் கூப்பிடுங்க.”

அம்மிணி பக்கத்து வீட்டுக்கு சீரியல் பார்க்கப் போயிருந்தாள். ஓ.டி.பி.க்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். “போனை இப்படிக் குடுங்ணா” என்று வாங்கி, இரண்டு சத்தப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன். போனிலிருக்கும் திரைவாசிப்பான் விழித்துக்கொண்டது. விரலால் தடவ, ஆறு எண்ணையும் கணீரென்று படித்தது. நான் தட்டினேன். ‘வெற்றிகரமாகத் தாக்கல் செய்யப்பட்டது’ என்கிற அர்த்தத்தில் பெட்டி ஏதோ இங்கிலீஷில் சொன்னது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் போலிருக்கிறது.

“தம்பி, இது என்ர போனுக்குள்ளயே இருந்துச்சுங்களா?”

“ஆமாங்ணா.”

“இதை எப்படிப் போடறதுன்னு எனக்குஞ் சொல்லிக் குடுங்க. வயசாகுதுல்லங்க.”

மேட்டுப்பாளையம் ஆடிட்டர் ஆபீஸைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை. ‘பாவம்’ அவரோடு குடைக்குள் ஏறி வெளியே போய்விட்டது.

* * *

கம்ப்யூட்டர் படித்து கோவையிலும் சென்னையிலும் மென்பொருள் எழுதுகிற தம்பி தங்கைகள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடம் ஒரு விண்ணப்பம். மாற்றாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. பாதை இருந்தால் மாறத்தான் செய்யும். மாற்றுங்கள், ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் அந்தச் சீட்டை எழுதி வையுங்கள். நான் பயன்படுத்தும் ஒரு கணக்கு மென்பொருளில் பக்கத்தில் பக்கத்தில் மூன்று பொத்தான். என் பெட்டி சொல்வது: ‘பொத்தான். பொத்தான். பொத்தான்.’ ஒன்று அச்சடிக்கும், ஒன்று அனுப்பும், ஒன்று அழிக்கும். ஒவ்வொரு தடவையும் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு அமுக்குகிறேன். நம் நாட்டு வாக்குப்பதிவு இயந்திரத்தில்கூடப் பொத்தானுக்குப் பக்கத்தில் பிரெய்லியில் எண் இருக்கிறது. நாட்டையே ஒப்படைக்கிற பொத்தானை நானே தடவிப் பார்த்து அமுக்குகிறேன். ஒரு பில்லை அச்சடிக்க முடியாதா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையிலேயே அடக்கம் என்று சொல்லி, வாடிக்கையாளரை அடையாளம் பார்க்கும் கே.ஒய்.சி. முறைகளை எல்லோருக்கும் ஏற்றதாக்க 20 உத்தரவுகள் போட்டது. கோர்ட் வரைக்கும் போன விஷயம், நீங்கள் பத்து நிமிஷத்தில் தட்டிவிடுகிற நாலு வார்த்தை.

அன்றைக்கு ராத்திரி எல்லாம் முடிந்து பெட்டியை அணைக்க வேண்டும். ஆல்ட் எஃப் 4 போடலாம். மதுரை நண்பர் வேறு ஒன்று சொல்லியிருந்தார்: விண்டோஸும் எக்ஸும், அப்புறம் யூ, மறுபடி யூ. தட்டினேன். விரலுக்குப் புல்லரித்தது. எக்ஸ்பி காலத்து ‘யூ, யூ’! பத்திலேயே இருந்ததாம். நான்தான் கேட்கவில்லை. பெட்டி அடங்கியது. மழையும் நின்றுவிட்டது. பண்ணைப் பக்கம் ஜாதிக்காய் மரத்தில் ஆந்தை ஒன்று, எனக்கு முன்பே தெரியும் என்கிற தோரணையில், இரண்டு தடவை கூப்பிட்டது.